பின் பாதி துணி

ராசிபுரம் விடுதி
22 ஜூன் 2025, ஞாயிறு

டேய் கலை,

இதற்கு விடுதி என்று யார் பெயர் வைத்தார்களோ, ஆளை விடுவதே இல்லை. காலை நாலரைக்கு மணி அடிக்கிறது. நீட் தேர்வுக்குப் படிக்க வந்த இடத்தில் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை, கட்டில் அவ்வளவு குட்டை. போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடிதம் எழுதலாம். அதையும் காப்பாளர் படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டுவார். (ஐயா வணக்கம். நேற்றைய சாம்பார் அருமை.)

சேர்ந்த நாலாம் நாளே பாத்திரம் கழுவும் தண்டனை வாங்கிவிட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் 'அமைதி காக்கவும்' என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு காலைச் சுரண்டினேன், அவ்வளவுதான். 'அமைதி கக்கவும்' ஆகிவிட்டது. சாம்பாருக்கு அதுதான் பொருத்தம் என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான், நான் மாட்டினேன்.

அது கிடக்கட்டும். நீ மறதிக்காரன், அதனால் நம் ஹரிக்கேன் போர்விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கிறேன். சித்தப்பா எனக்கு வாங்கித் தந்த பெட்டி அது. நாம் இருவரும் சேர்ந்து செய்கிற பிளாஸ்டிக் மாடல் அது. இறக்கை ஒட்டியாகிவிட்டது. உடம்பு ஒட்டியாகிவிட்டது. சக்கரமும் விசிறியும் பாக்கி, அதை நீ செய். வர்ணத்தைத் தொடாதே. வர்ணம் அடித்து அதைக் கிழடாக்குவது என் வேலை. புத்தம்புது விமானத்தை எவனும் செய்துவிடுவான். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் மூன்று மாதம் வெயிலும் மழையும் தின்று, பைலட்டின் பூட்ஸ் ஏறி ஏறித் தேய்ந்து, பெயிண்ட் உரிந்து, அடியில் தகடு பளபளக்கிற விமானத்தைப் புதுச்சேரியில் யார் செய்வார்? அதற்காகத்தானே ஒரு முழு லீவையும் பழைய துறைமுகத்துக் கிடங்குக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கழித்தோம், கடல் காற்றில் பெயிண்ட் எப்படி உரிகிறது என்று பார்க்க. வாட்ச்மேன் நம்மைத் திருட வந்தவர்கள் என்றே நினைத்தார்.

அரையாண்டு லீவுக்கு வருகிறேன். அதுவரை அது சாம்பல் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பெட்டியில் இருந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடாதே. அது எப்படியோ என் இயற்பியல் புத்தகத்துக்குள் புகுந்து இங்கே வந்துவிட்டது. எப்படியோ.

உப்பளத்து வாலு
இளம்பரிதி

*

உப்பளம், புதுச்சேரி
3 ஜூலை 2025

பரிதி,

உன் கடிதம் வந்தது. கோபப்படாமல் படி.

ஆகஸ்ட் 24ஆம் தேதி கதிர்காமத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாடல் கண்காட்சி நடக்கிறது. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் போட்டியும் உண்டு. பெயர் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரையாண்டு வரை பொறு என்பாய். ஹரிக்கேன் என் மேசையில் சாம்பலாக நிற்பதைத் தினம் பார்க்கிறேன். செத்த மீன் மாதிரி இருக்கிறது.

தூரிகையால் அடித்துப் பார்த்தேன், ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில். கோடு விழுகிறது. என் வகுப்பில் அபி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அபியின் அப்பா தெய்வசிகாமணி தட்டாஞ்சாவடியில் பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருக்கிறார். கம்ப்ரசர் இருக்கிறது. பெட்ரோல் டேங்கில் பெயர் எழுத, பேனா மாதிரி மெல்லிய ஸ்பிரே கன் ஒன்றும் இருக்கிறது. அதை அபி அப்பாவைவிட நன்றாகப் பிடிக்கிறாள். நான் மாடலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அபி அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "இதுக்கு மூணு கோட்டு பெயிண்ட்தான். நாலாவது அடிச்சா இந்தத் தகடு சேர்ற கோடெல்லாம் மூடிடும்" என்றாள். சரியாகச் சொன்னாள் இல்லையா?

உன் பதில் வந்ததும் ஒரு சனிக்கிழமை அபி அடிப்பாள். கிழடாக்குவது எனக்கும் தெரியாது, அபிக்கும் தெரியாது. உனக்குத்தான் தெரியும். உப்பு வைத்து உரிப்பது எப்படி என்று எழுது. குறிப்புப் புத்தகத்தையும் அனுப்பு.

கலைவாணன்

*

ராசிபுரம் விடுதி
13 ஜூலை 2025, ஞாயிறு

கலையைக் கலைப்பவனே,

உன் கடிதத்தில் அபி என்ற பெயர் ஆறு தடவை வருகிறது. என் பெயர் ஒரே தடவை, அதுவும் மேலே, கூப்பிடுவதற்கு. காப்பாளரும் எண்ணியிருப்பார். உறையைக் கொடுக்கும்போது ஒரு மாதிரிப் பார்த்தார்.

இது பொறாமை என்று நினைக்காதே. எனக்கு இருப்பது பொறுமை. பொறுமைக்குக் கால் முளைத்தால்தான் பொறாமை, எனக்கு இன்னும் முளைக்கவில்லை. கொஞ்சம் அரிக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, அபி அபிஷேகம் செய்வாள், நீ மணி அடிப்பாய், நான் ராசிபுரத்தில் உட்கார்ந்து உப்பு வைப்பது எப்படி என்று மந்திரம் சொல்ல வேண்டும். என் விமானத்தில் நான் உப்புக்குச் சப்பாணி. உப்பளத்தில் பிறந்ததற்கு இந்தப் பலனாவது கிடைத்ததே.

சரி, கேள். முதலில் வெள்ளி வர்ணம். அது நன்றாகக் காயட்டும். மேலே தண்ணீர் தெளித்துவிட்டு உப்பைத் தூவு. பொடி உப்பு வேண்டாம், எல்லாம் ஒரே அளவாக விழுந்து அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். உங்கள் வீட்டுக் கல்லுப்பை எடுத்து ஒரு தட்டு தட்டு, பெரிசும் சிறிசுமாக உடையும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பச்சையும் பழுப்பும் அடிக்கட்டும், அவள் பேச்சுப்படியே மூணு கோட்டு. காய்ந்தபின் ஈரத் தூரிகையால் உப்பைத் தட்டிவிடு. உப்பு இருந்த இடத்தில் எல்லாம் வெள்ளி தெரியும், தகடு தெரிகிற மாதிரி.

எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். இடது இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் துணிந்து போடு. பைலட் அந்தப் பக்கமாகத்தான் ஏறுவார். வலது பக்கம் அடக்கிப் போடு, அங்கே யாரும் மிதிக்கவில்லை. மூக்கில் மெக்கானிக் கழற்றி மாட்டுகிற மூடிகளின் ஓரத்தில் போடு. கண்டபடி தூவினால் விமானத்துக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

புத்தகத்தை அனுப்ப முடியாது. இங்கிருந்து கடிதம் மட்டும்தான் போகலாம், பொருள் போகக்கூடாது. சட்டம்.

பரிதி

பி.கு. உன் மேசைப் பக்கம் இருக்கிற என் நாற்காலியில் அவள் உட்காருகிறாளா? சும்மா கேட்டேன்.

*

உப்பளம்
21 ஜூலை 2025

பரிதி,

இறக்கை முடிந்தது. நீ சொன்னதை ஒரு வரிகூட மாற்றாமல் செய்தேன். உப்பைத் தட்டிவிட்டபோது அடியிலிருந்து வெள்ளி வந்தது பார். துறைமுகக் கதவேதான். அபியும் பக்கத்தில் இருந்தாள். "எங்க ஷெட்டுல இந்த மாதிரி உரிஞ்சா கஸ்டமரு சண்டைக்கு வருவான். இங்க நாமளே உரிச்சுட்டு சந்தோஷப்படறோம்" என்றாள். அவள் அப்பா பழைய வண்டியைப் புதிதாக்குகிறவர், மகள் புதிய விமானத்தைப் பழசாக்குகிறாள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இங்கே வரும்போது உன் நாற்காலியில்தான் உட்காருகிறாள். வேறு நாற்காலி இல்லை.

இன்னொன்று. உடம்பின் இரண்டு பாதியையும் நீ ஒட்டினாய் இல்லையா, முதுகில் கோடு தெரிந்தது. மூக்கிலிருந்து பைலட் உட்காரும் இடம் வரை. அபி, "இத யாரு ஒட்டினது, இப்படி இழுத்து உட்டுருக்கான்" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அவளே பட்டி பார்த்து, தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்துவிட்டாள். இப்போது கோடு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

இனி உடம்பு. ஒரு சந்தேகம். முன்பக்கம் வழவழப்பாக இருக்கிறது. பைலட்டுக்குப் பின்னால் வால் வரைக்கும் நீளநீளமாக விலா எலும்பு மாதிரி மேடு மேடாக இருக்கிறது. அங்கே உப்பு போடலாமா? எவ்வளவு? அந்த இடம் தனக்குத் தகடாகத் தெரியவில்லை என்று அபி சொல்கிறாள். ஆனால் என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. பார்த்துச் சொல். ஆகஸ்ட் இரண்டாம் தேதி சனிக்கிழமை அடிக்கப்போகிறோம், அதற்குள் வரவேண்டும்.

கலைவாணன்

*

(அஞ்சலட்டை)

27 ஜூலை 2025

கலை,

செவ்வாய்க்கிழமை தேர்வு, அதனால் அட்டைதான். புத்தகத்தைப் பார்த்துவிட்டே சொல்கிறேன். நீ மறக்காமல் இருக்கச் சூத்திரமாகவே தருகிறேன்:

முன் பாதி பணி,
பின் பாதி துணி.

பரிதி

பி.கு. அந்த முதுகுக் கோடு நான் வேண்டுமென்றே விட்டது.

*

உப்பளம்
4 ஆகஸ்ட் 2025

பரிதி,

அட்டை வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று முன்தினம் அடித்து முடித்தோம். ஆனால் சண்டையாகிவிட்டது.

அட்டையை அபியிடம் காட்டினேன். ஒரு தடவைதான் படித்தாள். "துணின்னு எழுதியிருக்கான். அப்போ பின்னாடி துணிதான். மரச்சட்டத்து மேல துணிய இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதான் விலா மாதிரி தெரியுது. துணில ஏது தகடு? உப்பு வேணாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை அவளுக்குத் தெரியாது. நீ எதையும் நேராகச் சொல்கிறவனா? முன் பாதியில் பணிந்து போ, பின் பாதியில் துணிந்து இறங்கு, அதுதானே அர்த்தம் என்று விளக்கினேன். முந்தின கடிதத்திலேயே இறக்கைக்கு 'துணிந்து போடு' என்று நீ எழுதியிருந்ததையும் எடுத்துக் காட்டினேன். அப்படியென்றால் 'பணி' எதற்கு வந்தது, முன்னாடி பனியா கொட்டுகிறது என்று கேட்டேன். ஆனாலும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டைத் தடவித் தடவிக் காட்டினாள்.

கடைசியில் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "ஆறாம் வகுப்புலேர்ந்து எனக்கு அவனத் தெரியும், ஒரு மாசமா வந்து நீ இன்னா கண்டுட்ட" என்று. அபி ஸ்பிரே கன்னைத் துடைத்து வைத்தாள். நான் உப்பைத் தூவினேன், வால் வரைக்கும், தாராளமாக. அவள் வந்து மூன்று கோட்டு அடித்துக் கொடுத்தாள். அடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று வகுப்பில் என்னோடு பேசவில்லை. இனி ஷெட்டுக்கு வர வேண்டாம், மிச்ச வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

வால் முழுக்க வெள்ளி வெள்ளியாக உரிந்திருக்கிறது. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. நீ சொன்னால் சரியாக இருக்கும். இருந்தாலும் ஒரு வரி எழுது.

கலைவாணன்

*

ராசிபுரம் விடுதி
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

கலை,

உன் கடிதத்தைப் படித்தேன். ஷெட்டுக்கு வர வேண்டாம் என்று அபி எழுதிக் கொடுத்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறாம் வகுப்பு என்ற இடத்தை எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

இங்கே தேர்வு முடிந்தது. வேதியியலில் உப்புகளைப் பற்றி ஒரு கேள்வி. உப்பளத்தின் மானத்தைக் காப்பாற்றினேன். காப்பாளருக்கு இப்போது என் மேல் பிரியம், உன் கடிதங்கள் வராவிட்டால் அவரே கேட்கிறார், விமானம் என்ன ஆச்சு என்று.

இனி புகைக்கறைதான் பாக்கி. புகைச்சலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் யார், எழுதிக்கொள். மூக்கின் இரு பக்கமும் மும்மூன்று குழாய் இருக்கிறதே, அதிலிருந்து புகை பின்னால்தான் ஓடும், கீழே வழியாது. வழிந்தால் அது மழைத்தண்ணீர், விமானம் நின்றுகொண்டிருந்த விமானமாகிவிடும். பறந்த விமானம் என்றால் கறை காற்றோடு போக வேண்டும். முதலில் பழுப்பு, அதன் நடுவே ஒல்லியாகக் கறுப்பு, கறுப்பின் நடுவே, குழாய்க்குக் கிட்டத்தில் மட்டும், லேசாகச் சாம்பல் வெளுப்பு. ரொம்ப சூடான இடத்தில் கரி வெளுத்துப்போகும். இதை யாரும் செய்ய மாட்டார்கள். நீ செய். தூரிகை நுனியில் வர்ணமே இல்லாத அளவுக்குத் துடைத்துவிட்டுச் செய்.

பின் பாதியைப் பற்றி

(இங்கே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். கையெழுத்து நன்றாக இல்லை, வேறொன்றும் இல்லை.)

ஜெயித்துவிட்டு எழுது.

பரிதி

*

உப்பளம்
26 ஆகஸ்ட் 2025

பரிதி,

ஜெயிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அபி வீட்டுக்கு வந்தாள். பேச வரவில்லை. மாடலுக்கு முன்னால் வைக்கிற பெயர்ச்சீட்டை எழுத வந்தாள், என் கையெழுத்து கேவலம் என்று அவளுக்குத் தெரியும். நான் எங்கள் இரண்டு பெயரைச் சொன்னேன். அவள் நிறுத்தினாள். "உப்பு எங்க, புகை எங்கன்னு சொன்னதெல்லாம் அவன்தான? அவன் பேரு இல்லாம எப்படி வெப்ப?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளே எழுதினாள். 'ஒட்டு வேலை: கலைவாணன். வண்ணம்: அபி. பழமையாக்கம்: இளம்பரிதி (வெளியூரில் இருக்கிறார்).'

நடுவர் பெயர் நாராயணசாமி. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது மாடல் இருந்தன. மற்றவற்றுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றவர் நம்முடையதற்கு முன்னால் குனிந்துவிட்டார். இடது இறக்கையைப் பார்த்தார். புகைக்கறையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். குழாய்க்குக் கிட்டத்தில் அந்தச் சாம்பல் வெளுப்பைக் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், "பாருங்க சார், இத கவனிச்சிருக்கான் பையன்" என்றார். அபி என்னைப் பார்த்துச் சிரித்தாள், மூன்று வாரத்துக்குப் பிறகு.

அப்புறம் அவர் சுற்றிக்கொண்டு வால் பக்கம் வந்தார்.

லென்ஸைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, ஹரிக்கேனுக்குப் பின் பாதி துணி. துணில எங்கேர்ந்து வெள்ளி வந்துச்சு?" என்று கேட்டார்.

உன் அட்டையில் இருந்த அதே வார்த்தைகள். பின் பாதி துணி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "முன்னாடி பாத்தா பிளேனைக் கரைச்சுக் குடிச்சவன் பண்ணது. பின்னாடி பாத்தா பிளேனையே பாக்காதவன் பண்ணது. ரெண்டு பேரா பண்ணீங்க?" என்றார். பழசாக்கியது ஒரே ஆள்தான் சார் என்றேன். அவர் பெயர்ச்சீட்டைப் படித்தார். பழமையாக்கத்துக்கு நேராக இருந்த பெயரைத் தன் தாளில் எழுதி, பக்கத்தில் பத்துக்கு மூன்று என்று போட்டார். உன் பெயருக்கு.

அபி 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மாடலைப் பெட்டியில் வைக்க உதவினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் போன கடிதத்தை எடுத்தேன். நீ அடித்திருந்த இரண்டு வரியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். 'அபி சொன்னது' என்று மட்டும் படிக்க முடிந்தது.

ஒரே ஒரு கேள்வி. துணி என்று நீ எதை எழுதினாய்?

கலைவாணன்

*

ராசிபுரம் விடுதி
31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

கலை,

இரண்டையும்.

புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. பைலட்டுக்குப் பின்னால் மரச்சட்டம், மேலே இழுத்துக் கட்டிய துணி. எனக்கு அது ஜூன் மாதத்திலிருந்தே தெரியும். 'பின் பாதி துணி' என்று மட்டும் எழுதியிருந்தால் நீ சரியாகப் புரிந்துகொண்டிருப்பாய். அதனால்தான் முன்னால் ஒரு 'பணி'யை வைத்தேன். அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பணி வந்தால் நீ துணியையும் அதோடு சேர்த்துத்தான் படிப்பாய் என்று தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கும் உன்னைத் தெரியும்.

அந்த அட்டையை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். காப்பாளர் படித்துவிட்டு நல்லா இருக்குடா, குறள் மாதிரி என்றார். யாராவது பின்னால் கேட்டால், உண்மையைத்தானே எழுதினேன், நீ தப்பாகப் படித்தால் நான் என்ன செய்வது என்று சொல்லிவிடலாம். அதையும் யோசித்து வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்காதே, சொல்கிறேன். அவள் முதுகுக் கோட்டை அழித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அது நான் வேண்டுமென்றே விட்டதில்லை. ஒட்டும்போது கை நழுவியது. மறைக்கத் தெரியாமல் அப்படியே விட்டேன், நீ கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி வந்து ஒரு மாலையில் அதைச் சரிசெய்துவிட்டாள், உனக்கு அந்த இடமே மறந்துவிட்டது. என் நாற்காலி, என் விமானம், என் நண்பன், எல்லாவற்றிலும் ஒரு கோட்டு அடித்துவிட்டாள் என்று தோன்றியது. வால் அசிங்கமாகட்டும், அவள் அடித்த பெயிண்ட் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அசிங்கமாகப் போகிற வேலைக்கு என் பெயர்தான் இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தப் பெயரை அவளே எழுதுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி திருத்தியிருக்கலாம். இரண்டு வாரம் இருந்தது. அடித்த அந்த இரண்டு வரி இதுதான்: 'அபி சொன்னது சரி. வெள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டு வாலுக்கு மறுபடி அடி.' எழுதினேன். அவள் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.

புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். பொருள் அனுப்பக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

இளம்பரிதி

*

உப்பளம்
9 செப்டம்பர் 2025

இளம்பரிதி,

கடிதமும் புத்தகமும் வந்தன.

கடிதத்தை அபியிடம் மறைக்கலாம் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். மறைத்தால் நானும் உன்னை மாதிரி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். 'பணி' இருந்த இடத்தில் சிரித்தாள். "கேடி. நல்ல வேலைக்காரன்" என்றாள். இரண்டையும் சேர்த்தே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அவளை ஏமாற்றவில்லை. அவள் ஒரே தடவையில் சரியாகப் படித்தாள். ஏமாந்தது நான் மட்டும்தான். நீ சொல்கிறாய் என்பதற்காக என் கண்ணால் பார்த்த விலாவை நம்பவில்லை. அதைத்தான் நீ பயன்படுத்தினாய். இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

வாலைத் தேய்த்துவிட்டேன். பின் பாதி மறுபடி சாம்பல் பிளாஸ்டிக். அபிக்குத் தகடு தெரியும், துணியைப் பழசாக்கத் தெரியாது. புத்தகத்தில் துணி என்றுதான் போட்டிருக்கிறது, எப்படி என்று போடவில்லை. உன்னைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அபி சொல்கிறாள். கேட்க எனக்கு மனம் இல்லை. அவள் சொன்னதால் கேட்கிறேன்.

எழுதினால் நேராக எழுது. இல்லையென்றால் அது அப்படியே பாதியாக நிற்கட்டும். நாமும்.

கலைவாணன்

*

ராசிபுரம் விடுதி
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

கலை, அபி,

துணி உரியாது, வெளுக்கும். எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்டு மறந்த சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் வாலில் வெள்ளி ஒரு புள்ளிகூடக் கூடாது, உப்பும் கூடாது.

பச்சையும் பழுப்பும் முன்போலவே அடிக்கவும். பிறகு அந்தந்த நிறத்தில் ஒரு சொட்டு வெள்ளை கலந்து, தின்னர் நிறைய ஊற்றி, தண்ணீர் மாதிரி ஆக்கிக்கொள்ளவும். இரண்டு விலாவுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் மட்டும் அதை மெல்ல ஊதவும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. ஐந்தாவது தடவைதான் தெரியும், அங்கே நிறுத்தவும். மேல்புறம் அதிகம், பக்கவாட்டில் குறைவு, அடியில் வேண்டாம், வெயில் அங்கே போகாது. இதை அபிதான் செய்ய வேண்டும். என் கைக்கு வராது. என் கை நழுவுகிற கை.

கிழிந்த இடத்தில் புதுத் துணி வைத்து ஒட்டியிருப்பார்கள். சின்னச் சதுரமாக இரண்டு இடத்தில் வெளுக்காத பச்சையை விடவும். மூன்று வேண்டாம். பைலட் ஏறுவதற்குக் கால் வைக்கிற படிக்குப் பின்னால் செம்மண் அழுக்கு இருக்கும். சிவப்புச் சாக்பீஸை உரசி, உலர்ந்த தூரிகையால் தடவினால் போதும்.

கலை, நீ கேட்காததற்கும் ஒரு பதில். எனக்குப் பொறாமை போகவில்லை. மேலே அவள் பெயரை எழுதும்போதுகூடக் கை ஒரு நொடி நின்றது. அரையாண்டு லீவுக்கு வரும்போதும் அது இருக்கலாம். இருந்தால் வாயால் சொல்லுகிறேன், மாடலில் காட்ட மாட்டேன். வரட்டுமா என்று நீ எழுதினால் வருகிறேன்.

இந்தக் கடிதத்தில் எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இல்லை. எங்காவது இருக்கிற மாதிரித் தோன்றினால், அபி எப்படிப் படிக்கிறாளோ அப்படியே செய்.

இளம்பரிதி